வலம் என்பதற்குச் சான்று யாது

ஜவ்வாது மலையில், காவலூரை ஒட்டி, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் மேலே அமைந்திருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் தொலைநோக்கிகள் இரவு முழுவதும் செய்யும் வேலை, பூமி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்வதற்கு ஈடாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் தம்மைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான். 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் கார்ல் சைஸ் தொலைநோக்கி, 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பெற்று வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, 2014இல் வந்து சேர்ந்த ஜே. சி. பட்டாச்சார்யா பெயரிலான 1.3 மீட்டர் தொலைநோக்கி ஆகிய மூன்றுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு: அவற்றின் முதன்மை அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, அதாவது அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஏற்ப அடிவானத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டரைப் பாகை வடக்கே உயர்ந்து நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அந்த ஓர் அச்சை 23 மணி 56 நிமிடத்திற்கு ஒரு சுற்று என்ற கணக்கில், நொடிக்குப் பதினைந்து வில்நொடி வீதம் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு வில்நொடி எனப்படும்) திருப்பிவந்தால், விண்மீன் பார்வைப் புலத்தின் நடுவிலேயே நிற்கும்.

வேகத்தைக் கணக்கிட்டுப் பெறலாம். எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பதை எந்தக் கணக்கும் தருவதில்லை. இத்தகைய அச்சுகளை இயக்கும் சர்வோ மோட்டாரை முதன்முதலாகப் பொருத்தும் தொழில்நுட்பர், உணரியையும் மோட்டாரின் சுருள்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, சுழற்சியின் திசையை அமைக்கும் அரைமணி நேரத்தில் எதிர்கொள்ளும் சிக்கல், இந்திய மெய்யியலார் பல நூற்றாண்டுகள் வாதிட்ட ஒரு வினாவின் பருவடிவம் என்றே கொள்ளத்தக்கது. ஓர் அறிவு மெய்யானது என்பதற்கான சான்று அந்த அறிவுக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வரவேண்டுமா என்பது அவ்வினா. வடமொழியில் பிராமாண்யவாதம் என்று வழங்கும் இதனைத் தமிழில் அளவையின் மெய்ம்மை பற்றிய வாதம் எனலாம். அளவை என்பது அறிதற்கருவி, பிரமாணம்.

சர்வோ என்பது தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இயக்கம். மோட்டாரின் தண்டோடு என்கோடர் எனப்படும் உணரி இணைக்கப்பட்டிருக்கும். தண்டு எங்கே நிற்கிறது என்பதை அது ஓயாமல் எண்ணிச் சொல்லும். டிரைவ் எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி, நிற்கவேண்டிய இடத்திலிருந்து நிற்கும் இடத்தைக் கழித்து, எஞ்சும் பிழைக்கு ஏற்ற அளவில் மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும். பிழை குறையக் குறைய மின்னோட்டமும் குறையும். இந்தச் சுற்று மூடியிருக்கும் வரை, காற்று தள்ளினாலும், பற்சக்கரம் உராய்ந்தாலும், எண்ணெய் குளிரில் இறுகினாலும் அச்சு தன் இடத்திற்குத் திரும்பிவிடும். பின்னூட்டம் என்று சொல்லப்படுவது இதுவே.

மோட்டாருக்குள் இருப்பது நிலைக்காந்தம் பதித்த ரோட்டாரும், அதைச் சூழ்ந்து யூ, வி, டபிள்யூ என்று பெயரிடப்பட்ட மூன்று பேஸ் சுருள்களும் ஆகும். சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் ரோட்டாரின் புலத்திற்குச் செங்குத்தாக நிற்கும்போது முறுக்குவிசை உச்சமாக இருக்கும். அந்த உகந்த நிலையிலிருந்து அறுபது பாகை விலகினால் விசை பாதியாகும், தொண்ணூறு விலகினால் ஒன்றுமில்லாமல் போகும், நூற்றெண்பது விலகினால் அதே விசை எதிர்ப்பக்கம் தள்ளும். ஆகவே ரோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை டிரைவ் ஒவ்வொரு கணமும் அறிந்திருந்தால்தான் எந்தச் சுருளில் எவ்வளவு செலுத்துவது என்று முடிவு செய்ய முடியும். அதனை அறிவிக்க மூன்று ஹால் உணரிகள் வைப்பதுண்டு. மூன்றும் சேர்ந்து எட்டு வகையாகப் பேசக்கூடும் என்றாலும் ஆறு மட்டுமே பொருளுடையவை, மூன்றும் ஒருசேர 'ஆம்' என்பதும் மூன்றும் ஒருசேர 'இல்லை' என்பதும் பொய். என்கோடரோ ஏ, பி என்று இரு அலைகளைக் கால் அலை இடைவெளியில் தருகிறது. ஏ முந்தினால் ஒரு திசை, பி முந்தினால் மறு திசை. திசையறிவு முழுவதும் எது முந்தியது என்ற ஒரே செய்தியில் தங்கியிருக்கிறது என்பதையும், இரு கம்பிகளை இடம்மாற்றி முடுக்கிவிட்டால் அச்செய்தி தலைகீழாகும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வாறு தலைகீழானால் நிகழ்வது விந்தையானது. அச்சு சிறிது முன்னே நகர்ந்திருக்கிறது, உணரி அதைப் பின்னே நகர்ந்ததாகச் சொல்கிறது, டிரைவ் அதனை ஈடுசெய்ய முன்னே தள்ளுகிறது, பிழை பெருகுகிறது, பெருகிய பிழைக்கேற்ப இன்னும் வலுவாகத் தள்ளுகிறது. ஒரு கணத்திற்குள் மோட்டார் கட்டுமீறி ஓடுகிறது. இங்கே கருவியில் பழுது எதுவும் இல்லை. திருத்தும் முயற்சியும் குறையவில்லை. பிழையைத் திருத்தும் ஆற்றல் எவ்வளவு மிகுந்திருக்கிறதோ அவ்வளவு விரைவாக அழிவு நேர்கிறது. நெறி தவறியவனின் தவமே அவனைக் கெடுக்கும் என்று சமயநூல்கள் எச்சரிப்பதன் நேர்ப்பொருளை இதைவிடத் தெளிவாக எங்கும் காண்பது அரிது.

ஆயினும் இந்தப் பிழை ஆபத்தானதே தவிர ஆழமானதன்று. அது உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிந்திக்கத்தக்கது மற்றொன்று. உணரியின் இரு கம்பிகளும் மாறி, சுருள்களில் இரு பேஸ்களும் மாறியிருந்தால், ஒரு தலைகீழை மற்றொரு தலைகீழ் ஈடுசெய்துவிடும். முன்னே தள்ளு என்ற ஆணைக்கு அச்சு பின்னே நகரும். உணரியோ அதனை முன்னே நகர்ந்ததாகவே சொல்லும். சுற்று அமைதியாக இருக்கும். பிழை சுழியத்தை ஒட்டியே நிற்கும். திரையில் தெரியும் எண்கள் அனைத்தும் ஆணைக்கு இணங்கியிருக்கும். தொலைநோக்கி மட்டும் விண்மீனை விட்டு எதிர்த்திசையில், வானம் நகரும் வேகத்தோடு தன் வேகமும் சேர, நொடிக்கு முப்பது வில்நொடி விலகிச் சென்றுகொண்டிருக்கும். முரண்பாடு என்று ஒன்று அந்தச் சுற்றுக்குள் எங்கும் இல்லை. கண்ணாடிக்குள் தெரியும் உலகத்தைப் போல அது முற்றிலும் ஒத்திசைவானது, முற்றிலும் பொய்யானது.

இதனைத் தீர்க்கச் சுற்றுக்குள்ளிருந்தே ஒரு வழி உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. மின்காந்த விதிகள் இடவலம் பாராட்டுவதில்லை. ஒரு மோட்டாரையும் அதன் ஆடிப்படிமத்தையும் அவ்விதிகள் ஒன்றாகவே நடத்துகின்றன. இடக்கைக்கும் வலக்கைக்கும் உறுப்புகளின் அளவிலோ அமைப்பிலோ வேறுபாடு இல்லாதிருந்தும் ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்துவதில்லை என்பதை 1768இல் மெய்யியலார் காண்ட் ஒரு சிறு கட்டுரையில் எடுத்துக்காட்டி, வேறுபாடு பொருள்களுக்குள் இல்லையெனில் வேறெங்கோ இருக்கவேண்டும் என்று வாதிட்டார். இயற்கையே இடத்தையும் வலத்தையும் வேறுபடுத்தும் ஓரிடம் உண்டு என்பது, கோபால்ட் அணுக்கருக்களின் சிதைவை ஆராய்ந்த இயற்பியலாளர் வூ அம்மையாரின் சோதனையால் 1957இல்தான் தெரியவந்தது. அதுவும் மோட்டாரின் எல்லைக்குள் வராத மெல்விசையில்.

'வலம்' என்ற சொல் தமிழில் வலப்பக்கத்தையும் வெற்றியையும் வலிமையையும் ஒருங்கே குறிப்பது. கோயிலை வலம்வருதல், மலையை வலம்வருதல் என்பன வழிபடப்படுவது வலக்கைப் பக்கம் இருக்குமாறு சுற்றுவதைக் குறிக்கும். ஜவ்வாது மலைக்குத் தெற்கே சிறிது தொலைவில் உள்ள திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் சுற்றும் திரளான மக்கள் அனைவரும் ஒரே பக்கமாகச் செல்வது அதனால்தான். ஈமச்சடங்குகளில் மட்டும் இது திருப்பப்படுகிறது. பிரதோஷ காலத்துச் சோமசூத்திரப் பிரதட்சிணத்திலோ இடமும் வலமும் மாறிமாறி வருகின்றன. ஞாயிறு உலகத்தை வலமாக எழுந்து திரிகிறது என்ற கருத்துடன் திருமுருகாற்றுப்படை தொடங்குவதால், வலத்தின் சிறப்புக்கு வானமே சான்று என்று பண்டையோர் கருதினர் எனக் கொள்ள இடமுண்டு.

அந்தச் சான்று காவலூரில் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. ஏப்ரல் இறுதி வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் ஞாயிறு அவ்விடத்தின் தலையுச்சிக்கு வடக்கே செல்கிறது. அந்நாட்களில் ஞாயிற்றை நோக்கி நிற்பவர் வடக்கு நோக்கி நிற்கிறார். கிழக்கு அவருக்கு வலப்பக்கம், மேற்கு இடப்பக்கம். ஆகவே ஞாயிறு அவருக்கு வலத்திலிருந்து இடமாகச் செல்கிறது. நட்டுவைத்த கோலின் நிழலும் நண்பகலை ஒட்டிய பொழுதில் கடிகார முள்ளுக்கு எதிராகவே நகர்கிறது. இரவிலும் அப்படியே: தெற்கு நோக்கி நிற்பவருக்கு விண்மீன்கள் கடிகாரத் திசையில் செல்ல, வடக்கே திரும்பித் துருவத்தை நோக்குபவருக்கு அதே வானம் எதிராகச் சுழல்கிறது. மோட்டார்த் தொழிலில் பன்னாட்டுத் தரவிதி, யூ, வி, டபிள்யூ என்ற வரிசையில் மின்சாரம் தந்தால் தண்டு வெளியே நீட்டியிருக்கும் முனையிலிருந்து பார்ப்பவருக்கு அது கடிகாரத் திசையில் சுழலவேண்டும் என்று பார்ப்பவர் நிற்கும் இடத்தையும் சேர்த்தே வகுத்திருப்பது இதனால்தான். மறுமுனையில் போய் நின்றால் அதே சுழற்சி எதிர்ச்சுழற்சி. வைசேடிகர் திசையை ஒன்பது திரவியங்களுள் ஒன்றாக எண்ணியபோது, திசை உண்மையில் ஒன்றே என்றும், கிழக்கு மேற்கு என்னும் வேறுபாடுகள் ஞாயிற்றோடு சேர்த்துப் பார்ப்பதால் வரும் உபாதிகள், அதாவது புறத்தே ஏறிய அடையாளங்கள் என்றும் கூறினர். இவ்விடத்தில் அவர்கள் கண்டது சரியானதே.

திசை இவ்வாறு நோக்குபவரைச் சார்ந்ததென்றால் அதைப் பற்றிய அறிவின் மெய்ம்மை எங்கே நிலைபெறும்? ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் குமாரில பட்டர் முதலிய மீமாம்சகர், அறிவு தோன்றும்போதே மெய்யென்று தோன்றுகிறது, மெய்ம்மை அதற்கு இயல்பு, பொய்ம்மையே வெளியிலிருந்து தெரியவருவது என்றனர். அதைப் பொய்யென்று காட்ட இரண்டு வழிகளை அவர்கள் ஒப்புக்கொண்டனர்: அறிவைத் தந்த கருவியில் குற்றம் இருந்தது தெரியவருதல் ஒன்று, முன்னதை மறுக்கும் வேறோர் அறிவு பின்னே எழுதல் மற்றொன்று. ஒவ்வோர் அறிவையும் மற்றோர் அறிவால் சோதிக்கவேண்டுமென்றால் அந்த மற்றோர் அறிவைச் சோதிக்க இன்னொன்று வேண்டும், முடிவே இராது என்பது அவர்களின் வலுவான வாதம். நியாய மதத்தாரோ, மெய்ம்மை வெளியிலிருந்தே அறியப்படுகிறது, அறிவை நம்பிச் செய்த செயல் பயன் தருமாயின் அவ்வறிவு மெய் என்றனர். நீர் என்று கண்டவன் அருகே சென்று குடித்துத் தாகம் தீர்ந்தால் கண்டது நீர், தீராவிட்டால் கானல்.

தமிழ்நாட்டு உழவர் ஒருவர் நியாய சூத்திரத்தின் பெயரைக் கேட்டிராமலே இரண்டாம் கட்சியைச் சார்ந்தவர். மும்முனை மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டார் பல நூறு அடி ஆழத்தில், ஆழ்துளைக் கிணற்றின் குழாய்க்குள் கிடக்கிறது. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை எவரும் பார்க்க முடியாது. தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் அறவே வராமல் போவதில்லை, குறைவாக வரும். எனவே எலக்ட்ரீசியன் ஸ்டார்ட்டரில் இரண்டு பேஸ் கம்பிகளை மாற்றிப் போட்டு, எந்த இணைப்பில் தண்ணீர் மிகுதியாகக் கொட்டுகிறதோ அதையே சரியான சுழற்சி என்று முடிவு செய்கிறார். உள்ளே நடப்பதைக் காணாமல் பயனால் நிறுவும் இந்த முறையைவிட நியாயத்தின் கொள்கைக்கு ஏற்ற எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சர்வோ டிரைவை அமைப்பவரும் ஓரளவு இவ்வாறே செய்கிறார். சுற்றை முதலில் திறந்துவிடுகிறார், அதாவது உணரி சொல்வதைக் கொண்டு மோட்டார் திருத்தப்படாதவாறு செய்கிறார். சுமையைக் கழற்றியோ சமன்செய்தோ வைத்து, சுருள்களில் சிறு மின்னோட்டம் செலுத்தி ரோட்டாரை ஒரு நிலைக்கு இழுத்து நிறுத்தி, அந்த நிலையில் என்கோடர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பின்பு புலத்தைப் படிப்படியாக முன்னகர்த்தி, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார். பிற்காலக் கருவிகள் பலவும் இதைத் தாமே செய்கின்றன. சுற்று மூடிய பிறகு மோட்டார் உணரியை ஒவ்வொரு கணமும் ஐயமின்றி நம்பியே ஆகவேண்டும். ஐயுற்றால் ஓட முடியாது. தொடக்கத்தில் நியாயம், ஓட்டத்தில் மீமாம்சை என்று இரு தரப்பாரையும் இங்கே சமாதானம் செய்துவைக்கலாம் போலத் தோன்றும். அந்தச் சமாதானம் பாதி வழிதான் செல்லும்.

ஏனெனில் இந்தச் சோதனை உணரியும் சுருளும் ஒன்றோடொன்று இசைந்தன என்பதை மட்டுமே நிறுவுகிறது. இரண்டும் சேர்ந்து வானத்தோடு இசைந்தனவா என்பதை நிறுவவில்லை. இரட்டைத் தலைகீழ் அப்படியே தப்பிவிடும். மறுக்கும் அறிவு எழவில்லை, ஆகவே இது மெய் என்று சொல்லும் மீமாம்சகர் இந்த இடத்தில் வலுவிழக்கிறார். ஒரு மதமோ கட்சியோ குடும்பமோ தனக்குள் முரண்பாடு இல்லாதிருப்பதையே தன் உண்மைக்கு ஆதாரமாகக் காட்டும்போது, அது தன் சுற்று மூடியிருக்கிறது என்பதற்கு மேல் எதையும் காட்டிவிடவில்லை. நியாய மதத்தாருக்கும் இங்கே எளிதில்லை. விண்மீன் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கக் கேமரா வேண்டும்; ஒளி ஒற்றைப்படை எண்ணிக்கையில் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வந்திருந்தால் அந்தக் கேமராவின் படமே இடவலம் மாறியது. விண்மீன் திரையில் இடப்பக்கம் ஓடுகிறதென்றால் வானில் எப்பக்கம் என்பதற்கு மீண்டும் ஓர் அமைப்பு, மீண்டும் ஒரு குறி. சாங்கிய சூத்திரத்தின் முதல் அத்தியாயம், திசை மயங்கியவனின் மயக்கம் தர்க்கத்தால் நீங்குவதில்லை, நேரே கண்டால்தான் நீங்கும் என்று ஓர் உவமையாகச் சொல்கிறது. பிற மயக்கங்களுக்கு உவமையாக நூலாசிரியருக்குத் திசை மயக்கமே கிடைத்தது என்பது கருதத்தக்கது: கயிற்றைப் பாம்பென்று கண்டவன் அது கயிறென்று அறிந்ததும் தெளிகிறான்; உறங்கி எழுந்து ரயிலில் திசை மயங்கியவனுக்கோ வண்டி சென்னையை நோக்கியே போகிறது என்று அறிந்த பின்னும் அது எதிர்த்திசையில் போவதாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது.

சங்கிலி எங்கே நிற்கிறது என்பதற்குச் சைவ சித்தாந்தம் வேறொரு விடை வைத்திருக்கிறது. அதுவே இச்சிக்கலுக்கு மிக அணுக்கமானது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை அளவை இயலோடு தொடங்கி, காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் மூன்றையும் ஏற்றபோதிலும், இவையெல்லாம் வழிகள், உண்மையான அளவை ஆன்மாவின் அறிவாற்றலே என்பதே அந்நெறியின் துணிபு. ஆனால் அந்த ஆன்மாவும் தானாக அறிவதில்லை. அறிவித்தால் அறிவது அதன் இயல்பு. கண் காண்கிறது, ஆயினும் அதனுடன் உயிர் நின்று காட்டாவிடில் காண்பதில்லை. உயிருக்கும் அவ்வாறே இறைவன் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவுகிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றைச் சித்தாந்திகள் பிரித்துச் சொல்வர். ஆணவ மலம் என்பது யாது என்று அருணந்தியார் கேட்டபோது, திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் இலக்கணம் எதுவும் கூறாமல், கேட்டு நின்ற அவரையே சுட்டிக்காட்டினார் என்று மரபு சொல்கிறது. இலக்கணத்தால் சொல்ல முடியாததைச் சுட்டித்தான் காட்டவேண்டும்.

வலக்கை எது என்று தமிழ்க் குழந்தைக்கு எவரும் வரையறை சொல்லித் தருவதில்லை. சோற்றுக்கை என்று சொல்லி, உண்ணும் கையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். அளவைகளை அடுக்கிச் செல்லும் சங்கிலி அங்கேதான் முடிகிறது. தொலைநோக்கியிலும் இறுதியான சோதனை அதுவே: பிரேக்கைத் தளர்த்தி, அச்சைக் கையாலேயே மேற்குப் பக்கம் சிறிது தள்ளிவிட்டு, திரையில் எண் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். மேற்கு எது என்பதை அங்கே நிற்பவர் அறிந்திருக்கவேண்டும். அதை அவருக்கு முன்பு யாரோ காட்டியிருக்கவேண்டும். கருவி எவ்வளவு நுட்பமடைந்தாலும் இந்த ஒரு செயலை அதற்குள் கட்டிவைக்க இயலாது என்பதனால், நியாயமும் மீமாம்சையும் தந்தவற்றைவிடச் சித்தாந்தம் தரும் விடையே இவ்விடத்தில் நிறைவானது என்று துணியலாம். காட்டுபவன் இறைவனா, குருவா, முன்னிருந்த தொழில்நுட்பரா என்பதில் கருத்து வேறுபடுவோரும், காட்டுதல் என்ற ஒன்று வெளியிலிருந்து நிகழ்ந்தே ஆகவேண்டும் என்பதை மறுக்க இயலாது.

வரம்புச் சுவிட்சுகளையும் ஒருவர் அப்போதே அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. அச்சு தன் எல்லையைத் தாண்டாதவாறு இரு முனைகளிலும் வைக்கப்படும் அவை, திசை தலைகீழாக அமைந்துவிட்டால், மேற்கு முனையில் நின்றுகொண்டு கிழக்கு நோக்கிய ஓட்டத்தைத் தடுத்து, மேற்கு நோக்கிய ஓட்டத்திற்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும்.

திசையைப் பற்றிய இவ்வளவும் டிரைவின் நினைவகத்தில் பூச்சியம் அல்லது ஒன்று என்ற ஒரே இலக்கமாக எழுதப்படுகிறது. காவலூரில் சரியாக அமைக்கப்பட்ட இலக்கத்தை, அதே தொலைநோக்கியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்று தென்துருவத்தை நோக்கி நிறுத்தினால், மாற்றித்தான் எழுதவேண்டும். ஜவ்வாது மலையில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் வானத்தை மூடியிருக்கும் மாதங்களில் அமைக்கப்பட்ட டிரைவ், மேகம் விலகி முதல் விண்மீன் புலத்தின் நடுவில் நிற்கும் இரவு வரை, அதன் எண்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், சோதிக்கப்படாததே.